கணிதப் பாடவேளையும் காரியாலயக் கணினியும்

நான் படிப்பிக்கும் பாடத்தின் பெயர் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம். பெயரைக் கேட்டால் கொழும்பில் ஏதோ கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஏசிக் காற்றில் நடக்கிற விஷயம் மாதிரி இருக்கும். எங்களுக்கு அது நடப்பது பன்வில பக்கம் ஒரு தேயிலை மேட்டில், மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் நான் கத்துவது எனக்கே கேட்காத ஓர் அறையில். கணினிகள் யாரோ புண்ணியவான்கள் கொடுத்தவை. பாதி வேலை செய்யும். மீதிப் பாதியைத் துணியால் மூடி வைத்திருக்கிறோம். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து யாராவது வந்தால் எண்ணிக்கை குறையக் கூடாதே, அதற்காக. வருகிறவர்களும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒன்றையாவது போட்டுப் பார்த்தவர் எவரும் இல்லை.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருக்கிறது. பதினொன்றாம் தர முடிவில் எழுதுகிற ஓ.எல். பரீட்சையில் இந்தப் பாடத்துக்குக் கணினியைத் தொடவே தேவையில்லை. எல்லாம் பேனையும் தாளும்தான். சுட்டியை, அதுதான் மவுஸை, பிடிக்கத் தெரியாத பிள்ளை சுட்டியின் பயன்களை மனப்பாடம் பண்ணி ஏ எடுக்கும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பிறகு என்ன, காலையில் வத்தேகமவில் பஸ் ஏறுவது, மேட்டில் இறங்குவது, கடந்தகால வினாத்தாளைத் திறப்பது என்று நாள் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பிள்ளை பத்தாம் தரத்தில் என் பாடத்துக்கு வந்தாள். பாடசாலைக்கு மேலே இருக்கும் தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து பறிக்கிறவர். அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து போவார். வகுப்பில் இவள் இருக்கிற இடமே தெரியாது. ஆனால் விசைப்பலகையில் கை வைத்தால் வேறு ஆள். தமிழ் தட்டச்சுக்கு எங்கள் பக்கத்தில் இன்னும் பாமினி எழுத்துருதான். எந்த ஆங்கில எழுத்தைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து விழும் என்பதை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பெரியவர்களே அதில் தடுக்கி விழுவார்கள். இவள் ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையில் கட்டம் கட்டமாக விசைகளைக் கீறி, வீட்டில் அதன்மேல் தட்டித் தட்டிப் பழகியிருக்கிறாள். ஒரு நாள் நான் பாடப்புத்தகத்தை வாசிக்க வாசிக்க, கையைக் குனிந்து பார்க்காமலேயே அடித்துக்கொண்டு போனாள். இத்தனை வருஷத்தில் நான் படிப்பித்தது ஒரு பிள்ளையின் விரலுக்குப் போய்ச் சேர்ந்ததை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

எங்கள் பாடசாலையில் பதினொன்றோடு படிப்பு முடிந்துவிடும். உயர்தரம் படிக்கக் கண்டி டவுனுக்குத்தான் போக வேண்டும். டவுனில் ஒரு பாடசாலையில் தமிழிலேயே தொழினுட்பப் பிரிவு இருக்கிறது என்று நான் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. அங்கே சேர்வதற்கு மற்றப் பாடங்கள் எப்படிப் போனாலும் கணிதம் சித்தியடைந்திருக்க வேண்டும். அவளுக்குக் கணிதம் சுமார். மோசம் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் ஏறும். அப்போது கணிதம் படிப்பித்த சேரும் அதைத்தான் சொன்னார். கொஞ்சம் பிடித்து இழுத்தால் சாதாரண சித்தி என்ன, திறமைச் சித்தியே வரும் என்றார்.

"மெட்ஸ் கெடச்சா எடுப்பாங்கதானே டீச்சர்?" என்று கிழமைக்கு ஒரு தடவையாவது கேட்பாள். எடுப்பார்கள் என்பேன். அதைக் கேட்டுக்கொண்டு போய்விடுவாள். மறுபடி அடுத்த கிழமை அதே கேள்வி.

பாடசாலை அதிபர் அவளைக் கண்டுபிடித்தது தற்செயலாக. எங்கள் பாடசாலைக்கு இலிகிதர் கிடையாது. தட்டச்சு வேலைகளைப் பார்த்த டீச்சர் பிரசவ விடுமுறையில் போயிருந்தார். அன்று மத்தியானத்துக்குள் வலயத்துக்குப் போக வேண்டிய அறிக்கை ஒன்றை அதிபர் தன் மடிக்கணினியில் திறக்க, பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. எழுத்துரு ஏற்றாத கணினியில் பாமினி அப்படித்தான் பல்லிளிக்கும். மனிதர் அந்தக் கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க என் வகுப்புக்கு வந்தார். நான் கரும்பலகையை விட்டு வருவதற்குள் முன்வரிசையிலிருந்த இவள் எழுந்துபோய்ப் பார்த்தாள். எழுத்துருவை ஏற்றினாள். தமிழ் தமிழாக வந்தது. அதோடு விட்டாளா, கோணல்மாணலாக இருந்த அட்டவணையையும் நேராக்கிக் கொடுத்தாள். அதிபர் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார். வகுப்பே கைதட்டியது. நானும்தான் தட்டினேன்.

முதலில் ஒரு கடிதம், பிறகு ஒரு சுற்றறிக்கை என்று இடைவேளைகளில்தான் கூப்பிட்டார்கள். பதினொன்றாம் தரம் தொடங்கும்போது கணித சேருக்கு வேறு பாடசாலைக்கு மாற்றம் வந்தது. அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. மலையகத்துப் பாடசாலையிலிருந்து கணித ஆசிரியர் போய்விட்டால் இன்னொருவர் வருவது கல்யாணம் பேசுகிற மாதிரி, இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே போகும். கணிதப் பாடவேளை சும்மாதானே கிடக்கிறது, பிள்ளை வந்து இதை அடித்துக் கொடுக்கட்டும் என்று அதிபர் சொன்னபோது யாருக்கும் அதில் பிழை தெரியவில்லை. சும்மா இருக்கிற நேரத்தில் பிள்ளை உதவி செய்கிறது, அவ்வளவுதானே.

ஆறாம் தரத்திலிருந்து பத்தாம் தரம் வரை தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் எல்லாம் அவள் கையால்தான் போயின. ஆசிரியர்கள் கோழி கிளறின மாதிரி எழுதிக் கொடுப்பார்கள். அவள் அதைப் படித்து விளங்கி, படம் கீறி, இடைவெளி விட்டு, அச்சகத்தில் செய்த மாதிரி ஆக்கிவிடுவாள். பதினொன்றாம் தரத்து வினாத்தாள்களை மட்டும் அவள் கண்ணில் காட்டக் கூடாது என்று அவற்றை வத்தேகமவில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார்கள். அந்த நீதி நியாயத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

இரண்டாம் தவணையில் புதிய கணித டீச்சர் வந்தார். பிலிமத்தலாவையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற சின்னப் பிள்ளை, முதல் நியமனம், எதற்கும் பயம். அவர் வந்த பிறகு இவள் வகுப்புக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. கணிதப் பாடவேளைக்கு மணியடித்தால் கால் தானாகக் காரியாலயத்துக்குப் போயிற்று. வரவுப் பதிவில் அவள் இருக்கிறாள், கதிரையில் இல்லை. புதிய டீச்சரிடம் கேட்டேன். ஒபிஸில் வேலை செய்கிற பிள்ளைதானே, அதற்கு வேறு ஏதாவது ஏற்பாடு இருக்கும் என்று நினைத்தாராம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவரைத் திட்டி என்ன செய்ய. அவர் வந்தபோதே அது அப்படித்தான் இருந்தது.

நேரே காரியாலயத்துக்குப் போனேன். அவள் ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். மேலே தடித்த எழுத்தில், நடுவில், அழகாக: கணித அடைவுமட்டத்தை உயர்த்துவதற்கான விசேட செயற்றிட்டம். கணிதப் பாடவேளையில், கணிதம் படிக்க வேண்டிய பிள்ளை, கணிதத்தை உயர்த்தும் திட்டத்தை அடித்துக்கொண்டிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளை வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டு அதிபரிடம் திரும்பினேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். கண்டியில் நடக்கும் கூட்டங்களில் ஒவ்வொரு பாடசாலையின் சித்தி வீதத்தையும் திரையில் போடுவார்கள். எங்கள் பாடசாலை எப்போதும் அடியில் கிடக்கும். அவர் அந்தக் கூட்டங்களிலிருந்து வரும்போது முகம் செத்துப் போயிருக்கும். இந்த வருஷம்தான் முதல்முறையாக எங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்திருந்தது. அறிக்கைகள் உரிய நேரத்தில், ஒழுங்காக, பார்க்க அழகாக வருகின்றன என்று மேலதிகாரி எல்லாருக்கும் முன்னால் சொன்னாராம். நான் கத்தியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அதைத்தான் சொன்னார்.

"நீங்க சொல்றது சரி டீச்சர். ஆனா இந்தப் புள்ள இல்லாட்டி இந்த ஒபிஸ் நின்னுரும். நீங்க வந்து அடிச்சுத் தருவீங்களா?"

எனக்கு இருக்கிற பாடவேளைகளுக்கு மூச்சு விடவே நேரமில்லை. அது அவருக்கும் தெரியும். கிழமையில் இரண்டு நாளாவது செய்கிறேன் என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினார். செய்தேன். ஆனால் நான் செய்யாத நாட்கள் இருந்தனவே, அந்த நாட்களில் அவளைக் கூப்பிட்டார்கள். பிறகு நான் செய்கிற நாட்களிலும் கூப்பிட்டார்கள், அவள் என்னைவிடச் சுறுக்காகச் செய்கிறாள் என்று. அது உண்மைதான், அதை நான் எப்படி மறுக்க?

இடைவேளைகளில் அவளைக் கணினி அறைக்குக் கூப்பிட்டு என்னாலான கணிதத்தைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். நான் கணிதக்காரி இல்லை. இருபடிச் சமன்பாட்டில் நானும் அவளும் சேர்ந்து மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி இருப்போம். ஒரு நாள் ஒன்பதாம் தரத்துக்காக அவள் அடித்த வினாத்தாளை எடுத்துவைத்து, இதிலேயே தொடங்குவோம், இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதானே என்றேன். அதில் ஓர் இணைகரம் இருந்தது. கோணங்கள், புள்ளிகள், சமாந்தரக் கோட்டுக்கு அம்புக்குறி, எல்லாம் மயிரிழை பிசகாமல் கீறியிருந்தாள். இந்தக் கோணத்தின் பெறுமானம் என்ன என்று கேட்டேன். தான் கீறிய கோட்டின்மேல் விரலை ஓட்டினாள்.

"இத கீற எனக்கு நல்லாத் தெரியும் டீச்சர்," என்றாள். "எதுக்குக் கீறுறோம்னுதான் தெரியல."

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த நாள் பாடசாலை விட்டதும் அவளோடு சேர்ந்து தோட்டத்துக்கு ஏறினேன். பெற்றோர் வந்து, எங்கள் பிள்ளையை வகுப்பிலிருந்து எடுக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதிபரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆசிரியை சொன்னால் வாயாடி. தாய் சொன்னால் அது முறைப்பாடு. இந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.

அம்மா அப்போதுதான் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், என்னை வீட்டிலிருந்த ஒரேயொரு கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார். மகளைத் தண்ணி பிடிக்க அனுப்பிவிட்டு நான் விஷயத்தைச் சொன்னேன். கணிதம் தவறினால் டவுனில் எடுக்கமாட்டார்கள், கணிதப் பாடத்தில் பிள்ளை இருப்பதே இல்லை, நீங்கள் வந்து அதிபரிடம் சொல்ல வேண்டும் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முகத்தில் கவலை வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"டீச்சர், எங்க தோட்டத்து ஒபிஸ் இருக்குதானே. அங்க எங்களுக்கு ஜன்னல் மட்டுந்தான். வேலைக்குப் பேரு குடுக்கணும்னாலும் லீவு கேக்கணும்னாலும் வெளியில நின்னு ஜன்னலுக்குள்ள பாத்துத்தான் பேசுவோம். எங்கம்மாவும் அப்பிடித்தான், நானும் அப்பிடித்தான். எங்க புள்ள ஒபிஸ் உள்ளுக்குக் கதிரையில ஒக்காந்திருக்கு. லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன். எந்திரிச்சு வான்னு நா எப்பிடிச் சொல்ல?"

ஒபிஸ் வேறு, பாடசாலை ஒபிஸ் வேறு என்றேன். அங்கே உட்கார்ந்தால் சம்பளம் இல்லை, பதவி இல்லை, படிப்பும் போகிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிள்ளை மேலே வருவதைப் பொறுக்காத ஆள் என்று நினைத்தாரோ என்னவோ. தேத்தண்ணி மட்டும் நல்ல சாயமாக இருந்தது. குடித்துவிட்டு இறங்கினேன். பாதையில் பிள்ளை குடத்தோடு எதிரே வந்தாள். அம்மா என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பரீட்சை வந்தது. அனுமதி அட்டைகளைச் சுட்டெண் வரிசைப்படி பிரித்து அடுக்கியது அவள்தான். மண்டபத்துக்குப் போகும் நேரசூசியை அடித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரதி எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். கணிதப் பரீட்சை அன்று வாசலில் நின்றேன். பிள்ளைகள் வழக்கம்போல ஒன்றையொன்று விடை கேட்டுக்கொண்டு வந்தன. இவள் கடைசியாக வந்தாள். எப்படி எழுதினாய் என்றேன்.

"நீட்டா எழுதினேன் டீச்சர்," என்றாள்.



பெறுபேறு வெளிவந்த அன்று மழை. எங்கள் மேட்டில் இணையம் கொஞ்சமாவது ஒழுங்காகக் கிடைப்பது அதிபரின் அறை ஜன்னலோரம்தான். பாடசாலையின் முழுப் பெறுபேற்றையும் இறக்கி, பகுப்பாய்வு செய்து, வரைபடத்தோடு மறுநாளே வலயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று செய்தி வந்திருந்தது. அதிபர் சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து அவளுடைய அம்மாவுக்கு எடுத்தார்.

நான் வேண்டாம் என்றேன். நானே செய்கிறேன் சேர், அந்தப் பிள்ளையின் பெறுபேறும் அதில்தானே இருக்கிறது, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்றேன். வரைபடம் போடுகிற விதம் அவளுக்குத்தான் பழக்கம், போன தவணை அறிக்கை மாதிரியே இருக்க வேண்டும் என்றார். கல்லில் முட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

வந்தாள். முதல்முறையாக அவளைச் சீருடை இல்லாமல் காண்கிறேன். நல்ல சட்டை போட்டு, தலையை இழுத்துப் பின்னி, நெற்றியில் திருநீறு. அம்மாவும் கூட வந்து வெளியே விறாந்தையில் குடையோடு நின்றார். அவள் வழக்கமான கதிரையில் உட்கார்ந்தாள். பக்கம் திறக்க நேரமெடுத்தது. நான் அவள் பின்னால் நின்றுகொண்டேன். வரிசை வரிசையாகப் பெயர்கள் விழுந்தன. தன் வரிசைக்கு அவள் ஓடிப் போகவில்லை. மேலிருந்து ஒழுங்காக வந்தாள்.

என் பாடத்தில் ஏ. தமிழில் பீ. கணிதத்தில் டபிள்யூ. சித்தியில்லை.

அவள் கை நின்றது. கொஞ்ச நேரம்தான். நான் தோளில் கை வைத்து, நீ எழும்பு, மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்றேன்.

"இல்ல டீச்சர். முடிச்சிட்டுப் போறேன்."

கணிதம் தவறியவர்களின் வரிசைக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது எங்கள் அதிபரின் வழக்கம். பார்த்ததும் தெரிய வேண்டும் என்பார். அவள் ஒவ்வொன்றாகச் சிவப்புக் கொடுத்துக்கொண்டு வந்தாள். தன் வரிசைக்கும் கொடுத்தாள். பிறகு வரைபடம் போட்டாள், தலைப்பு எழுதினாள், ஓரங்களைச் சரிபார்த்தாள், அச்செடுத்தாள். தாள் சூடாக வெளியே வந்தது. அதை இரண்டு கையாலும் எடுத்து அதிபரிடம் கொடுத்தாள். அழக் கூடாது என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிபர் தாளை மேலும் கீழும் பார்த்தார். நல்லா இருக்கு என்றார். பிறகுதான் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். சிவப்புகளுக்குள் அவள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த முறை எழுதலாம், கவலைப்படாதே என்று ஏதோ சொன்னார். பாடசாலையை விட்டு வெளிவாரியாக எழுதுகிற பிள்ளைக்கு யார் கணிதம் சொல்லிக் கொடுப்பார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டு என்ன கண்டோம். அவருக்கு அவள்மேல் உண்மையாகவே பாசம். அந்தப் பாசத்தோடுதான் அடுத்ததைச் சொன்னார்.

"இனி ஒனக்கு வகுப்பு இல்லத்தானே. திங்கக்கிழமையிலயிருந்து காலையிலயே வந்துரு மகள். நாங்க ஏதாவது பாத்துச் செய்வோம்."

"சரி சேர்," என்றாள்.

விறாந்தையில் அம்மா எங்களைக் கண்டதும் குடையைச் சுருக்கினார். பெறுபேற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை. சேர் என்ன சொன்னார் என்றுதான் கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து ஒபிஸுக்கு வரச் சொன்னார் என்றாள் மகள், செருப்பு வாரை மாட்டிக்கொண்டே. அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் அதற்கு முன்பு கண்டதில்லை. மழை விட்டிருக்கவில்லை, சாரலில் நனைவதையும் பார்க்காமல் என் பக்கம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"எல்லாம் நீங்க கத்துக் குடுத்ததுதான் டீச்சர்," என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நான் இறங்கி நடந்தேன்.